பேரேடு, பக்கம் நாற்பத்தொன்று

ஆண்டவரே, என் கையெழுத்து அழகாக இருக்கும்.
அதற்காகத்தான் டன்பார் கம்பெனி
என்னைப் படகிலிருந்து இறக்கி
முக்காலியில் உட்காரவைத்தது.

இடது பக்கம் மாவு, வெல்லப்பாகு, மண்ணெண்ணெய், கயிறு.
வலது பக்கம் சிங்கி இறால், ராத்தல் கணக்கில்.
இரண்டு பக்கத்துக்கும் விலை சொன்ன வாய் ஒன்றே.
பதினோரு ஆண்டில் ஒருமுறைகூட
வலது பக்கம் இடதை எட்டிப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் எழுந்து நிற்போம்.
கடன்களை மன்னிக்கக் கேட்கும் வரி வரும்.
கேப் பிரெட்டன் கரையில் நாங்கள் பேசும் கேலிக்கில்
கடனுக்கும் மதிப்புக்கும் வேர் ஒன்றுதான்.
முதல் பெஞ்சிலிருந்து டன்பார் கணீரென்று சொல்வார்.
பின்னால் அறுபது குரல்கள்,
ஒவ்வொன்றின் தொகையும் எனக்கு மனப்பாடம்.
யார் யாரை மன்னிப்பது என்று
கூரையைப் பார்த்து யோசிப்பேன்.
கூரை அவர் போட்டுக் கொடுத்தது.

கெட்டவர் அல்ல. அதையும் எழுதி வைக்கிறேன்.
என் மகன் தொண்டை அடைத்துக் கிடந்த இரவில்
தானே குதிரை பூட்டிப் பனியில் போய்
டாக்டரைக் கூட்டிவந்தார்.
வண்டிச்சத்தம் கணக்கில் ஏறவில்லை.
மறுவாரம் மாவு விலை ஏறியது,
எல்லோருக்கும்.

பக்கம் நாற்பத்தொன்று: எஃபி மக்கஸ்கில்.
புருஷன் ஃபார்க்கர் நவம்பரில் மூழ்கினான்.
மூழ்கிய படகும் கடனில் வாங்கியதே.
நிலுவை அவள் பேருக்கு மாறியது.
எழுதத் தெரியாது அவளுக்கு; குறி போட்டாள்,
சற்றே சாய்ந்து விழப்போகும் சிலுவை.
மை காய்வதற்குள் கேட்டாள்:
"பாஸ்டனில் இது என்ன விலைக்குப் போகிறது?"

என் சட்டைப்பையில் அன்றைய தந்தி இருந்தது.
நாலு மடங்கு என்றேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
முக்காலி போயிற்று.

குளிர்காலம் முழுக்க அவள் அடுக்களையில்
ஈரக் காலுறை நாற்றத்தோடு பன்னிரண்டு பேர்.
லாக்லன் பனிக்கட்டி வெட்டிச் சேர்த்தான்.
பெட்டிக்கு ஆணி, ரயிலுக்கு முன்பணம்,
ஒருவருக்கொருவர் மேல் சந்தேகம்.
ஜூனில் வந்தது காசோலை,
மேசை நடுவில் வைத்து,
தொடாமல் சுற்றி நின்று பார்த்தோம்.

பிறகு சண்டை.
எஃபிக்குப் படகில்லை. பொறிகளுக்கு வலை பின்னினாள்,
அதுவும் விரல் வீங்கிய பிறகு பாதியில் நின்றது.
"அதிகாலை மூன்று மணிக்கு நான் கடலில்.
பிடித்தவனுக்குப் பிடித்த அளவு" என்றான் லாக்லன்.
அவன் சொன்னதும் நியாயம்தான்.
யாரோ திராட்சைத் தோட்டத்தை இழுத்தார்கள்,
பொழுது சாய வந்தவனுக்கும் அதே காசு என்று.
அந்தக் கதை எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் பிடித்ததில்லை.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஆறு, ஐந்து. எஃபி கையை மடியிலேயே வைத்திருந்தாள்.
சம பங்கு, இந்தப் பருவத்துக்கு மட்டும்,
பனிக்கட்டிச் செலவு போக.
நான் தீர்மானத்தை எழுதுகிற சாக்கில்
எந்தப் பக்கமும் கை தூக்காமல் தப்பினேன்;
பன்னிரண்டில் என்னைச் சேர்த்தார்களா என்றும் கேட்கவில்லை.
லாக்லன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.
மறுநாள் மூன்று மணிக்கு
அவன் படகில் விளக்கு எரிந்தது.

பக்கம் நாற்பத்தொன்று இன்னும் டன்பார் பெட்டகத்தில்தான்.
மாதம் இரண்டு டாலர் கட்டுகிறாள் எஃபி.
யாரும் எதையும் கிழித்துப் போடவில்லை.
என் புதுப் பேரேடு ஒரு பள்ளிக்கூட நோட்டு,
கோடு கோணல், அட்டையில் மீன் செதில்.

ஞாயிறுகள் வருகின்றன. அதே கூரை. அதே வரி.
டன்பார் குரல் அதே கணீர்.
பதினோரு ஆண்டு சம்பளம் வாங்கியவன் நான்
அந்த இடத்தில் மட்டும் முணுமுணுக்கிறேன்.
தொகை என்னவென்று கேளாதிரும், ஆண்டவரே.
கூட்டிப் பார்த்துவிட்டேன்.